நாகர்கோவில் சப்ளிமெண்ட் கடை அலமாரி: போட்டிக்குப் போகிறவர் எந்த டப்பாவை எடுக்கலாம்?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, ஜிம்மை ஒட்டி இருக்கும் சப்ளிமெண்ட் கடைக்குள் நுழைந்தால் அலமாரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கண் மட்டத்தில் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் மாவு, தரையோடு எடை ஏற்றும் மாஸ் கெய்னர் வாளிகள், கல்லாவுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் பயிற்சிக்கு முன் எடுக்கும் ப்ரீ வொர்க்கவுட்டும் கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் ஃபேட் பர்னரும். சுவரில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தோளை விரித்து நிற்கும் அமெரிக்க ஃபுட்பால் வீரர் படம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்த மதிப்புரை அந்த அலமாரியைப் பற்றியது. உடம்பு ஏறினால் போதும் என்பவர்களுக்காக எழுதியதல்ல. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை மணலில் பந்து உதைக்கிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள், பளு தூக்குகிறவர்கள், அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடுகிறவர்கள், மாநில அணியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையிலோ கண் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த அலமாரியில் போட்டியாளர் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை இரண்டுதான்: வே புரோட்டீனும், தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியாட்டின் மோனோஹைட்ரேட்டும். அவையும் பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வாரியாக ஊக்கமருந்துச் சோதனை செய்த முத்திரை இருந்தால் மட்டும். மாஸ் கெய்னருக்குக் கொடுக்கும் காசு வீண். ப்ரீ வொர்க்கவுட், ஃபேட் பர்னர், டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் மூன்றையும் தொடவே வேண்டாம்.

சுவரில் இருக்கும் படத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் விற்பனை அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு ஆட்ட நகர்வு நாலைந்து விநாடியில் முடிந்துவிடும். அடுத்த நகர்வைத் தொடங்க 40 விநாடிக் கடிகாரம் ஓடும். முன்வரிசையில் நின்று இடித்துத் தள்ளுகிறவருக்கு 140 கிலோ எடை ஒரு தகுதி. நம் கடற்கரையில் ஆடுவது 90 நிமிடப் பந்து. நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் 10 கிலோமீட்டர் வரை ஓட வேண்டியிருக்கும். சுவரில் இருக்கும் உடம்பைப் பார்த்து இங்கே நாலு கிலோ ஏற்றிக்கொள்ளும் பையன், 70ஆவது நிமிடத்தில் அந்த நாலு கிலோவையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு ஓடுவான்.

உடம்பை வைத்துத் திறமையை எடைபோடும் வழக்கம் அந்த ஆட்டத்தையே ஏமாற்றியிருக்கிறது. 2007 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜமார்கஸ் ரஸ்ஸல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், ஆறரை அடி உயரம், பீரங்கி மாதிரியான கை. மூன்றே சீசனில் ஓக்லண்ட் அணி அவரை விடுவித்துவிட்டது. 2000 டிராஃப்டில் டாம் பிரேடி 199ஆவது ஆள். 40 கெஜ ஓட்டத்துக்கு 5.28 விநாடி எடுத்தவர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி அடுத்த சீசனிலேயே தன் அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். குவார்ட்டர்பேக்குக்கு வேண்டியது எதிரணி எப்படி நிற்கிறது என்பதை இரண்டு விநாடிக்குள் படிக்கும் கண். எந்த டப்பாவிலும் அது ஒரு கிராம்கூடக் கிடையாது.

அப்படியானால் ஊக்கமருந்து வேலை செய்யாதா? செய்யும். இதை மழுப்பக் கூடாது. 1996இல் வெளிவந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வொன்றில் 10 வாரம் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களில், உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும் கொழுப்பில்லாத எடை சுமார் 3 கிலோ ஏறியது. பயிற்சியும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. வேலை செய்கிறது என்பதால்தான் சில தயாரிப்பாளர்கள் லேபிளில் சொல்லாமல் கலக்கிறார்கள். வாங்குகிறவர் ஒரே மாதத்தில் மாற்றத்தைப் பார்த்தால் திரும்பி வருவார், நாலு பேரையும் கூட்டி வருவார். ஆகவே ஒரு மூலிகைக் கேப்ஸ்யூலோ மாவோ ஒரு மாதத்தில் ஐந்து கிலோ சதை ஏற்றிவிட்டது என்று யாராவது புகழ்ந்தால், போட்டியாளர் அந்தப் புகழ்ச்சியை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஷான் மெரிமேனைப் பற்றிய விவாதம் இதோடு சேர்ந்தது. 2006இல் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டுக்கான சோதனையில் சிக்கி நாலு ஆட்டம் வெளியே இருந்தார். அசுத்தமான சப்ளிமெண்டே காரணம் என்றார். மீதி 12 ஆட்டத்தில் 17 சாக், அதாவது பந்தோடு இருக்கும் குவார்ட்டர்பேக்கை 17 முறை சாய்த்தது; அந்த சீசனின் லீக்கிலேயே அதுதான் அதிகம். அதற்குப் பிறகுதான் மருந்தில் சிக்கியவர் அந்த ஆண்டு நட்சத்திர வீரர்கள் ஆடும் ப்ரோ பவுலுக்குத் தேர்வாக முடியாது என்ற விதி வந்தது. அவரிடம் இருந்தது திறமையா மருந்தா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் என்று பேசுவதே பிழை. ஸ்டீராய்டு உடம்பை வேகமாகத் தேற்றி அதிகப் பயிற்சியைத் தாங்க வைக்கும். தடுக்க வருகிறவரின் எந்தத் தோளுக்கு வெளியே சுற்றிப் போவது என்பதை அது கற்றுக்கொடுக்காது. அந்த மீட்பு வேகம் மற்றவனுக்குக் கிடைக்காத சலுகை. அதனாலேயே அது மோசடி. திறமை இருக்கிறவன் எடுத்தாலும் மோசடிதான்.

நம் பையன்கள் கவனிக்காமல் விடுவது தண்டனையின் அளவு. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல் தன் விதியைத் தானே வீரர் சங்கத்தோடு பேசி வகுத்துக்கொள்கிறது. 2022இல் அந்த லீக் வீரர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் உடலில், சதை ஏற்றும் தடை மருந்தான ஆஸ்டரினின் தடயம் கிடைத்தது. தடை ஆறு ஆட்டம். ஏழாவது ஆட்டத்தில் திரும்பி வந்தார். ஜூலியன் எடெல்மேன் 2018இல் நாலு ஆட்டம் தடையில் இருந்துவிட்டு அதே சீசனின் சூப்பர் பவுலில் சிறந்த வீரர் விருது வாங்கினார். இங்கே அப்படிக் கிடையாது. மாநிலம், பல்கலைக்கழகம், கேலோ இந்தியா, தேசியப் போட்டி என்று வந்துவிட்டால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் அதிகாரத்துக்குள் வருகிறீர்கள். நாடா பின்பற்றுவது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதி. அதே ஆஸ்டரினுக்கு 4 ஆண்டு வரை. 19 வயதில் சிக்கினால் 23. தடைக் காலத்தில் பெரும்பகுதி அணியோடு சேர்ந்து பயிற்சிகூடச் செய்ய முடியாது. 2019 தோகா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவைத் தமிழ்நாடே கொண்டாடியது. நாண்ட்ரோலோன் சோதனை முடிவுக்குப் பின் பதக்கமும் போனது, 4 ஆண்டுத் தடையும் வந்தது. சுவரில் இருப்பவருக்கு ஆறு வாரம், அலமாரிக்கு முன் நிற்பவருக்கு நாலு வருடம். டப்பாவைக் கையில் எடுக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

இனி ஒவ்வொரு தட்டாக.

வே புரோட்டீன். கான்சென்ட்ரேட்டில் எடைக்கு 70 முதல் 80 சதவீதம் புரோட்டீன், ஐசோலேட்டில் 90ஐ ஒட்டி. லேபிளில் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரோட்டீன் 24 கிராம் என்றால் 24ஐ 33ஆல் வகுக்க 73 சதவீதம், கான்சென்ட்ரேட்டுக்கு நியாயம். 60க்குக் கீழே என்றால் சர்க்கரையும் கோக்கோவும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச்சத்துப் பொடியும் வாங்குகிறீர்கள். அடுத்து லியூசின், தசை வளர்ச்சியைத் தூண்டும் அமினோ அமிலம். வே புரோட்டீனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லியூசின் இருக்கும். 24 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவில் காட்ட வேண்டும். அமினோ அமில அட்டவணையே இல்லாமல், பொருட்கள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாக இருந்தால் கீழே வையுங்கள். ஆய்வகத்தில் புரோட்டீனை நைட்ரஜன் அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மலிவான கிளைசினைக் கொட்டினாலும் நைட்ரஜன் ஏறும், எண் ஏறும், சதைக்குப் பயன் ஏறாது.

விலையை டப்பாவுக்குப் பார்க்காமல் புரோட்டீனுக்குப் பாருங்கள். ஒரு கிலோ 2,700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 ஸ்கூப், ஸ்கூப்புக்கு 90 ரூபாய். அதே 24 கிராம் நாலு முட்டையில் இருக்கிறது. முட்டை ஒன்று 7 ரூபாய் என்றாலும் 28தான். வே வாங்குவது வசதிக்காக: பயிற்சி முடிந்து பேருந்து ஏறுமுன் குடித்துவிடலாம். அந்த வசதிக்கு 60 ரூபாய் தகுமா என்பது அவரவர் பை. ஸ்கூப்பை நம்பாமல் ஒரு தடவை சமையலறைத் தராசில் எடை போடுங்கள், குமித்து அள்ளினால் 40 கிராம் வரை போய்விடும். முதலில் 250 மில்லி குளிர்ந்த தண்ணீர், பிறகு மாவு. சூடான பாலில் போட்டால் கட்டி பிடிக்கும். வயிறு உப்பினால் அது பெரும்பாலும் லாக்டோஸ். ஐசோலேட்டுக்கு மாறலாம், அல்லது அளவைப் பாதியாக்கி இரண்டு வேளையாக எடுக்கலாம்.

கிரியாட்டின் இந்த அலமாரியிலேயே சிறந்த பொருள். தடைப் பட்டியலில் இல்லை, ஆய்வுகள் ஏராளம், விலையும் குறைவு. நாளுக்கு 3 முதல் 5 கிராம், வேளை எதுவானாலும் சரி. முதல் வாரம் 20 கிராம் என்று ஏற்றச் சொல்வார்கள். ஏற்றினால் தசை சீக்கிரம் நிரம்பும், ஏற்றாவிட்டால் மூன்று நாலு வாரத்தில் அதே இடத்துக்கு வந்து சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். தொடக்கத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடும், தசைக்குள் தண்ணீர் சேர்வதால். எடைப் பிரிவில் ஆடுகிறவர் போட்டிக்கு முந்தைய வாரத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாது. டம்ளர் அடியில் மணல்போலத் தங்குவது இயல்பு, கலப்படம் இல்லை. காலையில் கரைத்து மாலையில் குடிக்காதீர்கள். தண்ணீரில் நின்றால் மெல்ல கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளாக மாறிவிடும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு சற்று ஏறித் தெரியும் என்பதால் மருத்துவரிடம் முன்னமே சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். வெள்ளை மோனோஹைட்ரேட்டைத் தவிர மற்ற வகைகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் இல்லை.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது, கடற்காற்று வேறு. பெரிய டப்பா மலிவு என்று இரண்டு கிலோ வாங்கித் திறந்து வைத்தால் ஒன்றரை மாதத்தில் மாவு கட்டியாகும். கட்டி மட்டும் என்றால் உடைத்துப் பயன்படுத்தலாம். சிக்கு வாடை, நிறமாற்றம் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஈர ஸ்கூப்பை உள்ளே போடாதீர்கள். ஒரு கிலோ டப்பாவே இங்கே சரி.

மாஸ் கெய்னர். நூறு கிராமில் 15 முதல் 20 கிராம் புரோட்டீன், மிச்சம் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின். இரண்டு ஏத்தம்பழம், 300 மில்லி பால், ஒரு கைப்பிடி வறுத்த கடலை: சுமார் 700 கலோரி, 20 கிராம் புரோட்டீன். வாளி வேண்டாம்.

ப்ரீ வொர்க்கவுட்டில் வேலை செய்வது காஃபின். அது 2004இல் வாடா தடைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது, ஆகவே காஃபின் குற்றமில்லை. ஆனால் ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மில்லிகிராம் வரும்; ஐந்தாறு டீயை ஒரே மடக்கில் குடிப்பது போல. கவலை அதோடு சேர்ந்து வரும் தடை செய்யப்பட்ட பொருட்களில். லேபிளில் மெத்தில்ஹெக்சேனமைன், டி.எம்.ஏ.ஏ, ஜெரேனியம் சாறு, டி.எம்.எச்.ஏ, ஹைஜெனமைன் என்று எது தென்பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக் காலத்தில் இந்திய வீரர்கள் பலர் மெத்தில்ஹெக்சேனமைனில்தான் சிக்கினார்கள். "தனியுரிமைக் கலவை" என்று ஒரே மொத்த எடையைப் போட்டுத் தனித்தனி அளவை மறைக்கும் டப்பாவும் வேண்டாம். பயிற்சிக்கு முன் ஒரு கட்டன் காப்பி போதும். உயிருக்கே உலை வைக்கும் இன்னொன்று, சில ஜிம்களில் கைமாறும் மெஃபெண்டெர்மின் ஊசி. ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு மருத்துவமனையில் போடும் மருந்து அது. தடைப் பட்டியலிலும் இருக்கிறது, இதயத்தையும் கெடுக்கும்.

ஃபேட் பர்னருக்கு ஸ்டார்கேப்ஸ் வழக்கைச் சொன்னால் போதும். பப்பாளி, பூண்டு என்று இயற்கைப் பெயரோடு விற்ற எடைக் குறைப்புக் கேப்ஸ்யூல் அது. உள்ளே லேபிளில் இல்லாத பூமெட்டனைடு, சிறுநீர் பெருக்கி. 2008இல் மினசோட்டாவின் கெவின் வில்லியம்ஸ், பாட் வில்லியம்ஸ் உட்பட என்.எஃப்.எல் வீரர்கள் சிலர் அதில் சிக்கினார்கள். கோடிகளில் சம்பளம், பக்கத்தில் வழக்கறிஞர் படை, வருடக்கணக்கில் நீதிமன்றம். கடைசியில் 2011இல் கெவின் வில்லியம்ஸ் இரண்டு ஆட்டத் தடையை அனுபவித்தே தீர வேண்டியிருந்தது. வக்கீல் வைக்க வழியில்லாத கபடிப் பையன் எடையை இறக்க இதே வகைக் கேப்ஸ்யூலை விழுங்கினால் அவனுக்காக யார் நிற்பார்கள்? சிறுநீர் பெருக்கிகள் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் என்ற பேதமின்றி எப்போதும் தடை, ஏனென்றால் மற்ற மருந்தின் தடயத்தை அவை நீர்க்கச் செய்து மறைக்கும். எடைக் குறைப்பு மாவுகளில் ஒளிந்து வரும் சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்துக்கு இந்தியாவில் 2011 முதல் விற்பனைத் தடையே உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர், "சதை ஏற்றும்" லேகியம், பெயரில்லாத சூரணம். அமுக்கரா தனியாகத் தடைப் பட்டியலில் இல்லை. வர்ம மரபும் நாட்டு வைத்தியமும் ஊறிய மண்ணில் மூலிகையைக் குறைத்துப் பேசவும் இல்லை. ஆனால் லேபிளும் பேட்ச் எண்ணும் இல்லாத பொட்டலத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சோதனைக் கூடத்துக்குப் பொட்டலத்தின் பெயர் தெரியாது, சிறுநீரில் இருப்பது மட்டுமே தெரியும்.

இனி முத்திரை. என்.எஃப்.எல் அணிகள் தம் வீரர்களுக்குக் கொடுக்கும் சப்ளிமெண்ட் "என்.எஸ்.எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்" முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். அந்த ஆட்டத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒழுங்கைத்தான், தோளின் அகலத்தை அல்ல. இன்னொன்று "இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்": ஒவ்வொரு பேட்சும் சந்தைக்கு வருமுன் சோதிக்கப்படும். பெயரில் ஒத்த "இன்ஃபார்ம்ட் சாய்ஸ்" ஒவ்வொரு பேட்சையும் சோதிப்பதில்லை, அவ்வப்போது மாதிரி எடுத்துப் பார்ப்பது. போட்டியாளருக்கு முதல் வகையே பாதுகாப்பு. டப்பாவில் படம் அச்சிட்டிருப்பது போதாது. அடியில் உள்ள பேட்ச் எண்ணை முத்திரை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அதே எண் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் கட்டாயம்தான். ஆனால் அது உணவு விற்க அனுமதி, ஊக்கமருந்து இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசும் விற்பனையாளர்கள் உண்டு. இறக்குமதி டப்பா என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண் கொண்ட ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். மூடிக்கு அடியில் உள்ள அலுமினியத் தாள் ஓரம் முழுக்க ஒட்டியிருக்கிறதா, சுரண்டும் குறியீடு ஏற்கெனவே சுரண்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நல்ல கடையை ஒரு கேள்வியில் கண்டுபிடிக்கலாம்: "பேட்ச் எண் போட்டு பில் தருவீங்களாண்ணே?" தருகிறவரிடம் வாங்குங்கள். "நம்ம பசங்க எல்லாம் இதுதான் எடுக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

டப்பாவுக்கு முன்னால் தட்டைப் பாருங்கள். 65 கிலோ வீரருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் சுமார் 104 கிராம் புரோட்டீன் வேண்டும். மூன்று முட்டை 18, முள் நீக்கிய சாளை 150 கிராமில் 30, அரை லிட்டர் பால் 16, 50 கிராம் சிறுபயறு 12, நாள் முழுக்கச் சாப்பிடும் 300 கிராம் அரிசியில் 20, ஒரு கைப்பிடி கடலையில் 7 அல்லது 8. கணக்கு முடிந்தது. மரச்சீனி மட்டும் புரோட்டீன் தராது. அது மீன்கறியோடு வந்தால்தான் உணவு.

மருந்துக் கடையும் இந்த அலமாரியின் நீட்சிதான். இங்கே மழைக்காலத்தில் இருமல் வந்தால் கேட்காமலே வாங்கும் சிரப்புகள் பலவற்றில் தடைப் பட்டியலில் உள்ள டெர்புடாலின் உண்டு. பிருத்வி ஷாவுக்கு 2019இல் 8 மாதத் தடை, அதற்கு முன் யூசுஃப் பதானுக்கு 5 மாதத் தடை, இரண்டும் டெர்புடாலினால். ஆஸ்துமாவுக்கு சால்புடமால் இன்ஹேலர் ஒரு வரம்புக்குள் அனுமதி: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகாமல். முட்டி வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. நாடாவின் "நோ யுவர் மெடிசின்" செயலியில் மருந்தின் பெயரைத் தட்டச்சு செய்தோ, அட்டையைப் படம் பிடித்தோ, குரலில் சொல்லியோ தேடலாம். விளையாட்டு வாரியாகவும் பார்க்கலாம். இலவசம், போனில் இருக்க வேண்டியது. ஆனால் அது மருந்துக்கு; செயலியில் எதுவும் சிவப்பாக வரவில்லை என்பதை வைத்துச் சத்து மாவு சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. மருத்துவக் காரணத்துக்காகத் தடை மருந்து தேவைப்பட்டால், மருத்துவர் அறிக்கையோடு சிகிச்சை விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

டப்பா தீர்ந்தாலும் தூக்கி எறியாதீர்கள். பில், டப்பா, அடியில் கொஞ்சம் மாவு மூன்றையும் சீசன் முடியும்வரை வைத்திருங்கள். வசதி இருந்தால் அதே பேட்சில் திறக்காத இன்னொரு டப்பா. அசுத்தமான பொருளால் சிக்கினேன் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் தடை வெகுவாகக் குறையலாம், நிரூபிக்காவிட்டால் முழுத் தடை. மாதிரி எடுக்க வரும் அதிகாரி தரும் படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, சப்ளிமெண்ட் எல்லாவற்றையும் எழுதும் இடம் உண்டு. பதற்றத்தில் பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பெயரோடு பேட்ச் எண்ணையும் எழுதுங்கள்; அந்த எண்ணின் படம் போனில் முன்கூட்டியே இருக்கட்டும்.